3.1 ஜிபிஏவுக்கு போஸ்ட்-பேக் கைகொடுக்குமா?

அமெரிக்காவில் பட்டம் முடித்து, 3.1 ஜிபிஏவோடு (4.0க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் போஸ்ட்-பேக் (பட்டத்துக்குப் பிறகு எடுக்கும் கூடுதல் இளங்கலைப் பாடங்கள்) படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்கலாம், ஆனால் முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 கிரெடிட்டில் (பாட அளவைக் குறிக்கும் அலகு) 3.1 என்றால், இன்னும் 30 கிரெடிட் முழுக்க 'ஏ' வாங்கினாலும் மொத்தம் 3.28தான். இவ்வளவு பாடுபட்டும் இதுதானா என்று சலிப்பு வரும். ஆனால் ஏஎம்சிஏஎஸ் என்ற மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் ஒவ்வோர் ஆண்டும் தனி வரிசை, போஸ்ட்-பேக்குக்கும் தனி வரிசை. அறிவியல், கணிதப் பாடங்களுக்குத் தனிச் சராசரியும் உண்டு. முதலாண்டில் 2.7, கடைசி வரிசையில் 4.0 என்று இருந்தால், ஆள் தேறிவிட்டார் என்பது பார்த்தவுடனே தெரியும்.

ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் வாங்கிய 'சி'யைத் திரும்பப் படித்து அழித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பழையதும் புதியதும் இரண்டுமே கணக்கில் வரும். டி.ஓ. என்ற மருத்துவப் பட்டம் தரும் ஆஸ்டியோபதி கல்லூரிகள்கூட, புதிய மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும் பழைய சலுகையை 2017இல் எடுத்துவிட்டன. பாடம் ஓரளவு பிடிபட்டிருந்தால், திரும்பப் படிப்பதைவிட பயோகெமிஸ்ட்ரி, பிசியாலஜி எடுப்பது மேல் என்பேன்.

அப்புறம், போஸ்ட்-பேக்குக்குப் பதில் முதுகலை படிக்கலாமா என்று தோன்றினால், அதில் வாங்கும் மதிப்பெண் இளங்கலை ஜிபிஏவை உயர்த்தாது, அது தனிக் கணக்கு. செலவும் பெரும்பாலும் கூடுதல். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டை வகுப்புகள் முடிந்த பிறகு எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாக இழுத்துப்போட்டால் 'ஏ' நழுவிவிடும்.