ஓசிடி நோயாளியை மதிப்பிடுவது எப்படி? மனநல வார்டு சிஸ்டரின் பதில்கள்

கேள்வி: சிஸ்டர், நான் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் வருடம். ஓசிடி (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, கை கழுவுவது போன்ற செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநோய்) கேஸ் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எதில் தொடங்குவது?

பதில்: கையில் தொடங்கும்மா. விரலிடுக்கில் வெடிப்போ புண்ணோ இருக்கிறதா பார். அப்புறம் நேரத்தைக் கேள். ‘அடிக்கடி கழுவுகிறார்’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. எண்ணத்தில் எத்தனை மணி நேரம் போகிறது, செயலில் எத்தனை மணி நேரம், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று பயப்படுகிறார்? அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுது. மனதுக்குள்ளேயே எண்ணுவது, ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது எல்லாம் வெளியே தெரியாது. கேட்டால்தான் வரும். தூக்கம், சாப்பாடு, தற்கொலை எண்ணம் மூன்றையும் விடாதே. கடைசியதை நேராகவே கேள்.

கேள்வி: ஓசிடி எவ்வளவு கடுமை என்று அளக்கும் ஒய்-பாக்ஸ் கேள்விப் பட்டியலில் மதிப்பெண் எப்படி?

பதில்: 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 40. 16 முதல் 23 வரை மிதமானது, 24 முதல் 31 வரை கடுமை, அதற்கும் மேல் மிகக் கடுமை.

கேள்வி: எனக்கு மேஜையில் எல்லாம் நேராக இருக்க வேண்டும். ஓசிடியா?

பதில்: அது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா, வதைக்கிறதா? தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறதா, வேலை கெடுகிறதா? அப்படியென்றால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ என்ற எண்ணம் ஒரு இளம் தாய்க்கு. ஆபத்தானவர் என்று குறிக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த எண்ணம் அவரை நடுங்க வைக்கிறதா, குழந்தையைத் தொடவே பயப்படுகிறாரா என்று கேளுங்கள். ஓசிடியில் அப்படித்தான் இருக்கும். குரல் கேட்கிறது, செய்தே ஆக வேண்டும் என்கிறார் என்றால் உடனே டாக்டரை அழையுங்கள், தாயையும் குழந்தையையும் தனியே விடாதீர்கள்.

கேள்வி: ஓசிடிக்குத் தரும் ஃப்ளூவாக்ஸெட்டின் மாத்திரை எவ்வளவு கொடுக்கலாம்?

பதில்: டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: கை கழுவிக்கொண்டே இருப்பவர்களுக்கு எங்கள் வார்டில் குழாயை மூடிவிடுவோம். மூன்று நாளில் அடங்கிவிடுகிறார்கள்.

பதில்: வேண்டாம். கழுவுவதுதான் நின்றிருக்கிறது, பயம் அப்படியே இருக்கும். மதிப்பிடும் முன்பே தடுத்தால் நோயின் அளவும் தெரியாது. முதலில் நேரத்தைக் குறியுங்கள்.

கேள்வி: தடுப்பதுதானே சிகிச்சை? ஈஆர்பி (பயப்படுவதை எதிர்கொண்டு, வழக்கமான செயலைச் செய்யாமல் இருக்கும் பயிற்சி) என்று படித்தோமே.

பதில்: அதில் நோயாளி சம்மதிக்கிறார், பயம் குறைந்த பொருளில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறுகிறார், பயிற்சி பெற்றவர் கூட இருக்கிறார். குழாயை மூடுவதில் இந்த மூன்றுமே இல்லை.

கேள்வி: சரி, ‘கை சுத்தமாயிடுச்சா சிஸ்டர்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாரே, ஆமாம் என்றாவது சொல்லலாமா?

பதில்: ஒவ்வொரு ஆமாமும் அவருடைய சடங்கில் சேர்ந்துவிடும். ‘பதற்றமா இருக்கு இல்ல?’ என்று கேட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். எத்தனை தடவை கேட்டார் என்று சார்ட்டில் எழுதுங்கள். வீட்டில் இந்தக் கேள்விக்கு அம்மா எத்தனை தடவை பதில் சொல்கிறார், அவருக்காகத் தானும் கழுவுகிறாரா என்று அம்மாவைத் தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: எதில் தொடங்குவது சிஸ்டர்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். நேரத்தைக் கேளுங்கள்.