பின்னல் கேள்வி–பதில்: மார்கழிக் குல்லாவுக்கு எந்த நூல்?

கே: மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். மார்கழியில் பிள்ளை பிறக்கும். குல்லா பின்ன நூல் கேட்டால் கடையில் உல்லனைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். நம்ம ஊருக்கு அது சரிப்படுமா? எத்தனை கண்ணி போடுவது?
– வாசகி, பாகூர்

ப: சரிப்படாது. கடையில் உல்லன் என்று தருவது பெரும்பாலும் அக்ரிலிக் என்கிற செயற்கை இழை. அது வேர்வையை உறிஞ்சாது, பச்சைப் பிள்ளைக்குத் தலை நனைந்து வேர்க்குரு வரும். கடலோரத்தில் மார்கழி விடியலுக்குப் பருத்தியே போதும். 50 கிராம் பருத்தி நூல் ஒரு உருண்டையும் 4 மி.மீ. ஊசியும் வாங்குங்கள். நூல் கொஞ்சம் மிச்சமாகும்.

முதலில் 24 கண்ணி (ஊசியில் ஏற்றும் வளையம்) போட்டு ஒரு சதுரம் பின்னி, துவைத்து, காயவைத்து அளந்து பாருங்கள். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும் என்பதால் துவைக்காத அளவை நம்ப வேண்டாம். 10 செ.மீ. அகலத்தில் 20 கண்ணி இருந்தால் குல்லாவுக்கு 66 கண்ணி. 22 இருந்தால் 74.

முதல் 6 வரிசை ரிப், அதாவது விளிம்புப் பட்டை: 2 நிட் (நேர்க் கண்ணி), 2 பர்ல் (எதிர்க் கண்ணி) என்று போய் 2 நிட்டில் முடியும். திரும்பும் வரிசை 2 பர்லில் தொடங்கும். பிறகு ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று விளிம்பிலிருந்து 9 செ.மீ. வரும்வரை பின்னி, பர்ல் வரிசையில் நிறுத்துங்கள். உச்சிக்குக் குறைப்பது இப்படி: ஓரத்தில் 1 நிட், அடுத்து '6 நிட், 2 கண்ணியைச் சேர்த்து ஒரு நிட்' என்பதை 8 முறை, கடைசியில் 1 நிட். 66 இப்போது 58 ஆகியிருக்கும். ஒரு வரிசை பர்ல். அடுத்த முறை 6-க்குப் பதில் 5 நிட், அதற்கடுத்து 4. இப்படி 50, 42, 34, 26, 18 என்று இறங்கி 10 கண்ணியில் நிற்கும். 74 போட்டவர்கள் '7 நிட், 2 சேர்த்து' என்று ஒரு வரிசை முன்கூட்டியே தொடங்கினால் 66-க்கு வந்துவிடலாம். நூலை ஒரு முழம் விட்டு வெட்டி, 10 கண்ணியிலும் கோர்த்து இறுக்கி, அதே நூலால் பக்கவாட்டைத் தைத்துவிடுங்கள்.

பருத்திக்கு இழுவை கிடையாது. உல்லனில் ரிப் தானாகச் சுருங்கித் தலையைப் பிடிக்கும், பருத்தியில் தளர்ந்தேதான் இருக்கும். அதனால் ரிப்பை மட்டும் ஒரு சைஸ் சின்ன ஊசியில், 3.75 அல்லது 3.5 மி.மீ.யில், பின்னுங்கள். குஞ்சம், பொத்தான், மணி எதுவும் வேண்டாம், பிள்ளை வாய்க்குள் போகும். வீட்டுக்குள் தூங்கும்போது குல்லாவைக் கழற்றிவிடுங்கள். பிள்ளையின் உடம்புச் சூடு தலைவழியாகத்தான் அதிகம் வெளியேறும், குல்லா அதைத் தடுத்துவிடும். எடை குறைவாகப் பிறந்த பிள்ளையானால் மட்டும் டாக்டர் சொல்கிறபடி.

கே: வீடியோவில் 8-ம் நம்பர் ஊசி என்றார்கள். இங்கே 8-ம் நம்பரே கேட்டு வாங்கி, சொன்ன கண்ணிக் கணக்கில் ஸ்வெட்டர் பின்னினேன். பத்து வயதுப் பையனுக்குக்கூடப் போதாது போலிருக்கிறது.
– வாசகி, நெய்வேலி

ப: அது அமெரிக்க வீடியோவாக இருக்கும். அங்கே 8 என்றால் 5 மி.மீ. நம் கடைகளில் நடப்பது பழைய இங்கிலாந்துக் கணக்கு: நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், 8 என்றால் 4 மி.மீ. அமெரிக்கக் கணக்கு நேர் எதிர். அவர்களுடைய 8-தான் நம்முடைய 6. இன்னும் மோசம் 10-ம் நம்பர்: அங்கே 6 மி.மீ., இங்கே 3.25. 10 செ.மீ.க்கு 18 கண்ணி என்று எழுதிய டிசைனில் 90 கண்ணி போட்டால் முன்பக்கம் 50 செ.மீ. வரும். மெலிந்த ஊசியில் 22 கண்ணி விழுந்தால் அதே 90 வெறும் 41 செ.மீ.தான். கடையில் நம்பரைச் சொல்லாமல் மி.மீ. சொல்லிக் கேளுங்கள். பின்னியதைப் பிரித்து, நூலைச் சிட்டமாக (பெரிய வளையமாக) சுற்றி நனைத்து, ஒரு கனம் கட்டித் தொங்கவிட்டால் சுருக்கம் போகும். நூல் வீணாகாது.

கே: குறிஞ்சிப்பாடியில் தறி வைத்திருக்கும் உறவினர் மிச்ச நூல் தருகிறார். கைலிக்கான நூலில் பின்னல் வேலை வருமா?
– வாசகர், வடலூர்

ப: தாராளமாக வரும். கடையில் வாங்கும் பருத்தி உருண்டைக்குக் கொடுக்கிற விலைக்கு இது எவ்வளவோ மேல். கேட்கும்போது ஊடை நூலாக, அதாவது தறியில் குறுக்கே ஓடும் நூலாகக் கேளுங்கள். நெடுக்கே ஓடும் பாவு நூலில் கஞ்சி ஏறியிருக்கும், கையில் விறைப்பாக நிற்கும்.

தறி நூல் மெல்லியது, பல இழை சேர்க்க வேண்டும். நூலுக்கும் நம்பர் உண்டு, ஏற ஏற நூல் மெலியும். 10-ம் நம்பர் ஒற்றை நூலானால் 8 இழை, 20-ம் நம்பரானால் 16 இழை சேர்த்தால் 50 கிராமுக்குச் சுமார் 105 மீட்டர் வரும். 4 மி.மீ. ஊசிக்கு அது சரியான பருமன். எல்லா இழையும் ஒரே இறுக்கத்தில் உருண்டைக்குள் போக வேண்டும். ஒன்று தளர்ந்தால் பின்னும்போது அது மட்டும் வளையமாக வெளியே துருத்தும்.

சாயமேறாத நூலில் பஞ்சின் மெழுகு ஒட்டியிருப்பதால் தண்ணீரே ஏறாது. சிட்டத்தை நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சிக்கலை அவிழ்ப்பதிலேயே பொழுது போய்விடும். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சலவை சோடாவும் கொஞ்சம் சோப்பும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். எவர்சில்வர் பாத்திரம்தான் பயன்படுத்த வேண்டும், சோடா அலுமினியத்தை அரிக்கும். சாய நூலைக் கொதிக்க வைக்காதீர்கள். ஈர வெள்ளைத் துணியில் ஒரு துண்டு நூலைத் தேய்த்து, நிறம் ஒட்டினால் அதைப் பிள்ளைத்துணிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

ஒரு பக்கம் நிட், மறுபக்கம் பர்ல் என்று பின்னினால் ஒற்றை நூல் சாய்ந்து கோணலாகப் போகும். அது கைப்பழக்கத்தின் கோளாறு அல்ல, ஒரே திசையில் ஏறிய முறுக்கின் வேலை. எல்லா வரிசையும் நிட்டாகப் பின்னுங்கள், அல்லது இழைகளைச் சேர்க்கும்போது நூலின் முறுக்குக்கு எதிர்த்திசையில் லேசாக முறுக்குங்கள்.

முதல் வேலையாக அடுப்படிக் கரித்துணி பின்னலாம். 40 கண்ணி, 80 வரிசை, எல்லாம் நிட். சதுரமாக வரும். இரண்டு சதுரத்தைச் சேர்த்துத் தைத்தால் சோற்றுப்பானை இறக்கக் கை சுடாது. இதற்கு அக்ரிலிக் கூடவே கூடாது, சூட்டில் உருகிக் கையில் ஒட்டும்.

கே: வீட்டில் ஏழெட்டு செம்மறி நிற்கிறது. அதன் முடியில் நூல் திரிக்க முடியுமா?
– வாசகர், நெட்டப்பாக்கம்

ப: நம் பக்கத்துச் செம்மறி பெரும்பாலும் மெட்ராஸ் ரெட். கறிக்கான இனம், உடம்பில் இருப்பது குட்டை முடிதான், கம்பளி அல்ல. திருச்சி கருங்குறும்பையில் கம்பளி உண்டு, ஆனால் முரட்டு ரகம். விரிப்புக்கும் கம்பளிப் போர்வைக்கும் ஆகும், உடுப்பாகப் போட்டால் உடம்பை அரிக்கும். மென்மையான ரகம் நீலகிரிச் செம்மறியில். அதை நெட்டப்பாக்கம் வெயிலில் வளர்க்க நினைக்க வேண்டாம்.

கே: மலைக்குப் போனபோது வாங்கிய கம்பளி ஸ்வெட்டரில் ஓட்டை. பீரோவில் அந்துருண்டை போட்டால் போதுமா?
– வாசகி, பண்ருட்டி

ப: பூச்சிக்குக் கம்பளியைவிட அதில் ஒட்டிய வேர்வையும் சாப்பாட்டுக் கறையும்தான் பிடிக்கும். துவைக்காமல் எடுத்து வைக்காதீர்கள். இருக்கும் பூச்சியை ஒழிக்க, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். பிறகு அதே பையில் வைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மட்டும் நன்றாகக் காயாத துணியைப் பைக்குள் கட்டினால் கரும்புள்ளி விழும்.

அந்துருண்டையைப் பிள்ளைத்துணி பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஜி-6-பி-டி என்கிற நொதி குறைந்த குழந்தைக்கு அந்த வாடையே ரத்தச் சிவப்பணுவை உடைத்துக் காமாலையில் கொண்டுவிடும். குறை இருப்பது பார்த்தால் தெரியாது.

கே: ஒன்பது வயதுப் பேத்தி 20 கண்ணியில் தொடங்குகிறாள், பத்து வரிசையில் 27 ஆகிவிடுகிறது. எங்கே தப்பு?
– வாசகி, வில்லியனூர்

ப: வரிசை தொடங்கும் இடத்தில் பாருங்கள். நூலை ஊசிக்கு மேலாகப் பின்னுக்குத் தள்ளினால் முதல் கண்ணி மேலேறி இரண்டு காலும் தெரியும். பிள்ளை அதை இரண்டு கண்ணி என்று நினைத்து இரண்டிலும் பின்னிவிடும். நூல் ஊசிக்குக் கீழாக வந்து, பிறகுதான் பின்னால் போக வேண்டும். நடுவில் பொத்தல் தெரிந்தால் அது வேறு கோளாறு: பர்ல் பின்னி நூல் முன்னால் இருக்க, அப்படியே நிட் குத்தியிருப்பாள். வரிசை முடிந்ததும் எண்ணச் சொல்லுங்கள். அந்த வரிசையை மட்டும் பிரித்தால் அழுகை வராது. கையில் கொடுப்பது வெளிர் நிற நூலாக இருக்கட்டும், கருப்பில் கண்ணியே கண்ணுக்குத் தெரியாது.