விரல் மரத்துப்போனால் நரம்புத் தளர்ச்சியா?

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. மாட்டுத்தாவணியில் மல்லிகை வாங்கிவந்து வீட்டில் வைத்துக் கட்டிக் கொடுக்கிறார். நாலைந்து மாதமாக வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போகின்றன. ராத்திரி எழுந்து கையை உதறுகிறார். புறங்கையில் பச்சை நரம்பு வேறு புடைத்துத் தெரிகிறது. நரம்புத் தளர்ச்சி, சத்து மாத்திரை போடு என்கிறார்கள். போடலாமா?
(திருமங்கலம் வாசகி)

பதில்: முதலில் அந்தப் பச்சை நரம்பை விட்டுவிடுங்கள். அது நரம்பே இல்லை, ரத்தக்குழாய். ஊசி போடும்போது ‘நரம்பு கிடைக்கல’ என்பதும், காலில் ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்பதும் ரத்தக்குழாயைத்தான். கழுத்துச் சுளுக்கில் ‘நரம்பு பிசகிருச்சு’ என்பது பெரும்பாலும் தசை. ஒரே சொல் இத்தனை வேலை பார்ப்பதால்தான் சத்து மாத்திரை இவ்வளவு விற்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நிஜ நரம்பு வெளிர் நிறத்தில் கயிறு மாதிரி இருக்கும். பெரும்பாலும் ஆழத்தில் ஓடுவதால் கண்ணில் படாது.

சரி, அது எங்கிருந்து வருகிறது? மூளையிலிருந்து நேராக 12 ஜோடி நரம்புகள் கிளம்பி கண், காது, முகம் பக்கம் போகின்றன. முதுகெலும்புக்குள் இறங்கும் தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி. தண்டுவடம் சுமார் 45 செ.மீ. நீளம்தான், இடுப்புக்குக் கொஞ்சம் மேலேயே முடிந்துவிடும். கைக்கான நரம்புகள் கழுத்தில் கிளம்பி, அக்குள் பக்கம் சடை மாதிரி பின்னிப் பிரிந்து கீழே இறங்குகின்றன.

உள்ளங்கைப் பக்கத்தை இரண்டு நரம்புகள் பாகம் பிரித்து வைத்திருக்கின்றன. சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் ஒன்றுக்கு. முழங்கை இடித்தால் சுரீரென்று ஷாக் அடிக்கிறதே, அந்த நரம்புதான். கட்டைவிரலிலிருந்து மோதிர விரலின் மறுபாதி வரை ‘மீடியன்’ நரம்புக்கு. அம்மா சொல்லும் மூன்று விரல்களும் இதன் பங்குக்குள்தான் வருகின்றன. அதனால் தகராறு அந்த நரம்பு வரும் வழியில் எங்கேயோ இருக்கிறது.

அந்த வழியில் ஆக நெருக்கடியான இடம் மணிக்கட்டு. அங்கே எலும்புகள் தொட்டி மாதிரி குழிந்திருக்க, மேலே ஓர் உறுதியான பட்டை மூடியிருக்கும். அந்தச் சின்னச் சந்துக்குள் விரல்களை மடக்கும் 9 தசைநாண்களோடு மீடியன் நரம்பும் போயாக வேண்டும். நாள் முழுக்க முடிச்சுப் போட்டு விரல்கள் ஓயாமல் வேலை செய்தால் தசைநாண்களின் உறை வீங்கும். சந்து விரியாது, நரம்பு நசுங்கும். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்குவதால் ராத்திரியில் கூடுதல். உதறினால் குறைவது இதற்கே உரிய அடையாளம். ‘கார்ப்பல் டனல்’ என்பார்கள். கழுத்து எலும்பு அழுத்தினாலும் இதே விரல்கள் மரக்கலாம், ஆனால் அதில் பெரும்பாலும் கழுத்திலிருந்து கை வரை வலி இழுக்கும்.

பி12 குறைவு, சர்க்கரை நோய் இவற்றால் வரும் மரத்துப்போதல் வேறு மாதிரி. ஆக நீளமான நரம்புகளின் நுனியில், அதாவது பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும் சேர்ந்தே தொடங்கும். சத்துக்குறைவு இருந்தால் மாத்திரை உதவும். மணிக்கட்டில் அது இடம் உண்டாக்காது. ஆனால் சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். கார்ப்பல் டனலுக்கு அவையும் வழிவிடும்.

சர்ஜிக்கல் கடையில் தகடு வைத்த மணிக்கட்டுப் பட்டை கேளுங்கள். ராத்திரி மணிக்கட்டு நேராக நிற்கும்படி ஆறு வாரம் போடட்டும். அரைமணிக்கு ஒருமுறை பூவைக் கீழே வைத்துக் கைக்கு ஓய்வு தரட்டும். குறையாவிட்டால் பெரியாஸ்பத்திரி மாதிரி நரம்பியல் பிரிவு உள்ள இடத்துக்குப் போங்கள். நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டிய சைகை மணிக்கட்டில் தாமதிக்கிறதா என்று சோதிப்பார்கள். கட்டைவிரல் அடிச் சதை வற்றினாலோ, பிடித்த பூ நழுவினாலோ ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம். மணிக்கட்டுக்குள் நரம்பின் மேலே மூடியிருக்கும் அந்த உறுதியான பட்டையைத் திறந்துவிடும் சின்ன ஆபரேஷன் தேவைப்படலாம்.

திடீரென்று ஒரு பக்கக் கைகால் விழுந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ அது மூளை சம்பந்தப்பட்டது. உடனே 108.

இன்று ராத்திரி அம்மா கையை உதறும்போது, சுண்டுவிரலும் மரத்திருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.