அரசு மருத்துவமனைகளை உண்மையில் யார் கண்காணிக்கிறார்கள்? புகார் கொடுத்தால் ஏதாவது நடக்குமா?

அரசு மருத்துவமனையில் மருந்துக் கிடங்கு பார்த்து ஓய்வு பெற்ற மருந்தாளுநர் நான். தமிழ்நாட்டை வைத்து மட்டும் சொல்கிறேன், மற்ற மாநிலங்களில் ஏற்பாடு வேறு. கண்காணிப்பே இல்லை என்பது தவறு. மருந்து, பிரசவ கால மரணம் போன்ற சில விஷயங்களில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார்கள். வேறு சிலவற்றை யாரும் சீண்டுவதே இல்லை. நம் ஜனங்களுக்குக் கோபம் வருவது பெரும்பாலும் அந்த இரண்டாவது வகையில்தான்.

முதலில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். நமக்கு எல்லாமே 'ஜி.எச்.'தான், ஆனால் அரசுக்கு அது மூன்று தனித்தனிக் குடும்பம். ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதார இயக்குநரகத்தின் கீழ் வருகின்றன. மாவட்டத்தில் அதற்குப் பொறுப்பு மாவட்ட சுகாதார அலுவலர், பழைய ஆட்கள் இன்னும் 'டி.டி.', அதாவது துணை இயக்குநர் என்றே சொல்வார்கள். தாலுகா மருத்துவமனையும் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தில் வரும். அங்கே இணை இயக்குநர், அதாவது ஜே.டி. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீன். அவருக்கு மேலே மருத்துவக் கல்வி இயக்குநரகம். டீனிடம் போக வேண்டிய மனுவை ஜே.டி. அலுவலகத்தில் கொடுத்தால் அது மேசை மேசையாகச் சுற்றும். புகார் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை என்பவர்களில் பல பேருக்கு நடந்தது இதுதான்.

இந்த மூன்று குடும்பமும் ஒரே அறையில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டு: பிரசவ கால மரண ஆய்வு. கர்ப்பிணியோ பிரசவித்த தாயோ இறந்தால் 24 மணி நேரத்துக்குள் மேலே தகவல் போக வேண்டும். பிறகு மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூட்டம். இறந்த பெண்ணின் வீட்டாரையும் கூப்பிடுவார்கள். வலி எப்போது வந்தது, 108 எத்தனை மணிக்கு வந்தது, முதலில் எங்கே கொண்டு போனார்கள், அங்கிருந்து ஏன் அனுப்பினார்கள், அனுப்பும்போது கூட நர்ஸ் போனாரா, ரத்தம் இருந்ததா என்று ஒவ்வொரு மணியாகக் கேட்பார்கள். "பார்ட்டி லேட்டா வந்தாங்க சார்" என்ற வழக்கமான பதில், புருஷனும் மாமியாரும் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது அவ்வளவு சுலபமாக வாயில் வராது. இந்தக் கூட்டத்துக்குப் பயப்படாத டாக்டரை நான் பார்த்ததில்லை.

இதற்குப் பலன் இருந்ததா என்றால் இருந்தது. 2001-03 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20ல் அது 54. அதே காலத்தில் இந்தியா முழுமைக்குமான எண் 97. எல்லாப் புகழும் ஆய்வுக் கூட்டத்துக்கே என்று சொல்ல மாட்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 24 மணி நேரமும் நர்ஸ் இருப்பது, அவசரப் பிரசவமும் பச்சிளங்குழந்தைகளும் பார்க்கும் சீமாங்க் சென்டர்கள் வந்தது, 108 வந்தது எல்லாம் சேர்ந்துதான். ஆனால் எங்கே ஓட்டை என்று தெரிந்து அடைத்ததில் அந்தக் கூட்டங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்து மருந்து. இதுதான் என் ஏரியா, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். 1994ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. அதன் பிறகு மொத்த மாநிலத்துக்கும் ஒரே டெண்டர், மாவட்டக் கிடங்குகள், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். வங்கிப் பாஸ்புக் மாதிரியேதான், வருடத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று வரவு இருக்கும், எடுக்க எடுக்கக் கழியும். கம்பெனியிலிருந்து கிடங்குக்கு வந்த மருந்தை உடனே கொடுத்துவிட மாட்டார்கள். ஒவ்வொரு பேட்சிலும் மாதிரி எடுத்து, கம்பெனி பெயர் தெரியாதபடி மறைத்து, ரகசிய எண் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். பரிசோதிப்பவருக்கு அது யாருடைய மாத்திரை என்றே தெரியாது. தேறினால்தான் கிடங்கை விட்டு வெளியே வரும். கொடுக்க ஆரம்பித்த பிறகு ஏதாவது பேட்சில் கோளாறு என்று தகவல் வந்தால் வேலை பெண்டு கழன்றுவிடும். வார்டு வார்டாகப் போய் அந்த எண் போட்ட பட்டைகளைத் திரும்ப வாங்கி, எண்ணி, தனியே வைத்து, எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நர்ஸ்கள் முணுமுணுப்பார்கள். இருந்தாலும் 'ஜி.எச். மாத்திரைன்னா சுண்ணாம்பு' என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வரும். இந்த முறையைப் பார்த்துத்தான் பின்னாளில் கேரளாவும் ராஜஸ்தானும் இதே போன்ற கழகங்களைத் தொடங்கின. பாஸ்புக்கில் பணம் இருந்தும் கிடங்கில் சரக்கு இல்லாமல் "வெளியே வாங்கிக்கோங்க" என்று எழுதிக் கொடுத்த நாட்கள் உண்டு, அதையும் மறைப்பதற்கில்லை.

சரி, எதை யாரும் பார்ப்பதில்லை? ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு, ஆண் குழந்தை பிறந்தால் ஒரு ரேட், பெண் குழந்தை என்றால் கொஞ்சம் தள்ளுபடி, ராத்திரி டியூட்டி டாக்டர் எங்கே இருக்கிறார், வயதானவரை ஒருமையில் கூப்பிடுவது. இவற்றுக்கு ரிஜிஸ்டர் கிடையாது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பிரசவ வார்டு வாசலில் காசு வாங்குவது காம்பவுண்டு டீக்கடைக்காரர் வரை தெரியும், மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் மட்டும் யாருக்கும் தெரியாது. இப்போது துப்புரவும் செக்யூரிட்டியும் பெரும்பாலும் ஒப்பந்த ஆட்கள். கேட்டால் மருத்துவமனை ஒப்பந்ததாரரைக் கை காட்டும், ஒப்பந்ததாரர் அந்த ஆளை வேறு மருத்துவமனைக்கு மாற்றிவிடுவார். கதை முடிந்தது.

தேசியத் தரச் சான்று, சுத்தத்துக்கான காயகல்ப் பரிசு என்றெல்லாம் ஆய்வுக் குழு வருகிறதே என்பீர்கள். வருகிறது, நல்லதும் நடக்கிறது. பிரசவ அறையும் கழிவறையும் பல இடங்களில் கண்ணுக்குத் தெரியவே மாறியிருக்கின்றன. ஆனால் குழு வரும் தேதி முன்கூட்டியே தெரியும். அதற்கு முந்தைய வாரம் பெயின்ட் வாசனை, புது பெட்ஷீட், ரிஜிஸ்டர்களில் விட்டுப்போன கையெழுத்துகள். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

என் பார்வையில் அடிப்படைக் கோளாறு இங்கேதான்: நடத்துபவரே கண்காணிப்பவராகவும் இருக்கிறார். மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் 1997ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் தனியாருக்கு மட்டும் இருந்தது. 2018ல் திருத்தி அரசு மருத்துவமனைகளையும் சேர்த்தார்கள். நல்ல திருத்தம்தான். ஆனால் மாவட்டத்தில் பதிவுச் சான்று கொடுக்கும் அதிகாரி யார்? அதே ஜே.டி. தன் மருத்துவமனைக்குத் தானே சான்று. இங்கிலாந்தில் இதற்கென்றே தனி ஆணையம் 2009லிருந்து இருக்கிறது, அரசு மருத்துவமனைகளுக்கே தர மதிப்பீடு போட்டு வெளியிடுகிறது. இங்கே வெளியிலிருந்து பார்க்கும் கண் என்றால் தணிக்கைத் துறை, சட்டமன்றப் பொதுக் கணக்குக் குழு, நீதிமன்றம். மூன்றுமே நடந்து முடிந்ததைப் பார்ப்பவை.

2018ல் சாத்தூரில் நடந்தது நினைவிருக்கும். கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றிய ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் வந்தது சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து. கொடுத்த இளைஞருக்குத் தொற்று இருப்பது 2016லேயே ஒரு ரத்த தானத்தின்போது தெரிந்திருக்கிறது, ஆனால் அவருக்குச் சொல்லப்படவில்லை. உறவினருக்காக மறுபடி கொடுத்தார். பரிசோதனையில் அதுவும் தப்பியது. ஊழியர்கள் மீது நடவடிக்கை, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவில் 25 லட்சம் இழப்பீடு எல்லாம் பின்னால் வந்தன. இரண்டு ஆண்டு இடைவெளியில் அந்த ஒரு தகவலைத் தொடர்ந்து பிடிக்க எந்த ரிஜிஸ்டரும் உதவவில்லை என்பதைத்தான் நான் கவனிக்கிறேன்.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. சிலரிடமாவது கட்டணம் வாங்கும் இடமென்றால் இலவச நோயாளியும் போகலாம். மற்றபடி உயர் நீதிமன்றம், மாநில மனித உரிமை ஆணையம்.

புகார் கொடுப்பதானால் பொதுவாகத் திட்டி எழுதாதீர்கள். தேதி, நேரம், வார்டு, ஓ.பி. சீட்டு அல்லது உள்நோயாளி எண், என்ன கேட்டார்கள், யார் கேட்டார்கள், இவ்வளவு போதும். பெயர் தெரியாவிட்டால் எந்த ஷிப்ட் என்றாவது எழுதுங்கள், டியூட்டி ரோஸ்டரில் பெயர் கிடைத்துவிடும். அந்த நிமிடமே உதவி வேண்டுமென்றால் சுகாதார உதவி எண் 104க்கு அடியுங்கள். அப்புறம் மாவட்ட சுகாதார அலுவலர், ஜே.டி., டீன் என்று மேலே சொன்ன மூன்று பேரில் சரியான ஆளுக்கு ஒரு மனு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அதன் நகல். அங்கே கொடுத்தால் எண் போட்டு ரசீது தருவார்கள், அந்த எண்ணுக்கு யாராவது பதில் எழுதியே ஆக வேண்டும். லஞ்சம் என்றால் நேரே லஞ்ச ஒழிப்புத் துறை. சிகிச்சையில் தவறு என்றால் முதல் வேலையாக மருத்துவக் குறிப்புகளின் நகலை எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான விதியே இருக்கிறது.

எதற்கும் பதில் வரவில்லையா? 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று கேட்டால் நழுவிவிடுவார்கள். 'இந்த எண்ணுள்ள மனு எந்தெந்தத் தேதியில் யார் யாரிடம் இருந்தது, அதில் எழுதிய குறிப்புகளின் நகல் வேண்டும்' என்று கேளுங்கள். 30 நாள் கெடு. பல சமயம் அந்தக் கெடு முடிவதற்குள் முதல் மனுவுக்கே பதில் வந்துவிடும்.