பாலிஷ் மெஷினைக் கையில் எடுப்பதற்கு முன்: சுங்கை சிப்புட்டிலிருந்து கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் காடி (கார்) கழுவிப் பாலிஷ் போடுவதுதான் என் தொழில். புதிதாகப் பழகுகிறவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணே, என் கறுப்பு மைவி காடியில் வெயில் பட்டால் சிலந்தி வலை மாதிரிக் கோடுகள் தெரிகின்றன. எத்தனை தடவை கழுவினாலும் போகவில்லையே?

அது சுவர்ல் மார்க், தம்பி. கழுவும்போதுதான் அது விழுகிறது, பிறகு கழுவினால் எப்படிப் போகும்? தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடிய காடியை ஒரே வாளியில் ஸ்பான்ஜை முக்கி முக்கித் தேய்த்தால் மணலும் சேர்ந்துதான் தேய்க்கும். முதலில் தண்ணீர் பீச்சி மண்ணை இறக்குங்கள். ஷாம்புக்கு ஒரு வாளி, அலச இன்னொரு வாளி.

கேள்வி: பாலிஷ் மெஷினில் எது நல்லது, ரோட்டரியா, டிஏவா (டூயல் ஆக்‌ஷன்)?

டிஏ. ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும், வேகமாக வெட்டும், ஓரிடத்தில் நின்றால் சூடேறிப் பெயிண்ட் போய்விடும். பழகும் காலத்தில் ஒரு பானெட்டின் ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாக நிறுத்திவிட்டேன், அடிப்பூச்சு வெள்ளையாகத் தெரிந்தது, முழு பானெட்டுக்கும் என் காசில் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். டிஏ சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும், சூடு குறைவு. ‘த்ரோ 15’ என்றால் அந்த ஆட்டத்தின் அகலம் 15 மில்லிமீட்டர். பாலிஷ் தேய்க்கும் பேட் ஒட்டும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள்: மெஷின் ஓடும்போது கோடு சுற்றி வந்தால் சரி, நின்ற இடத்திலேயே நடுங்கினால் அதிகம் அழுத்துகிறீர்கள், அல்லது சாய்த்துப் பிடிக்கிறீர்கள்.

கேள்வி: காம்பவுண்ட், பாலிஷ், வேக்ஸ் எல்லாம் ஒன்றுதானே அண்ணா?

இல்லை தங்கச்சி. காம்பவுண்ட் கரடாக வெட்டும், பாலிஷ் நைசாக வெட்டும். வேக்ஸ் வெட்டாது, மேலே படிந்து காக்கும். கார்னவ்பா வேக்ஸ் பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையிலிருந்து வருகிறது, செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) நடுவே வாழும் எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

கேள்வி: சீக்கிரம் முடிய, கம்பளிப் பேடில் காம்பவுண்ட் போட்டே தொடங்கலாமா?

வேண்டவே வேண்டாம் ஐயா. நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான், பெரும்பாலும் தலைமுடியை விட மெல்லியது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கரையும், திரும்ப வளராது. மென்மையான ஸ்பான்ஜ் பேடில் நைஸ் பாலிஷை நாலு பட்டாணி அளவு வைத்து, 2 அடிக்கு 2 அடி இடத்தில் மட்டும் செய்து, துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு போகவில்லையென்றால் அப்புறம் ஒரு படி மேலே போகலாம். ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பேடில் காடியின் நிறமே ஏறினால் அங்கே கிளியர் கோட் இல்லை, உடனே நிறுத்துங்கள்.

கேள்வி: கழுவியும் போகாமல் ஒட்டியிருக்கும் அழுக்கை எடுக்கும் களிமண் மாதிரியான கிளே பார் கட்டாயமா?

கழுவிய பானெட்டை, கையில் மெல்லிய பிளாஸ்டிக் பை மாட்டித் தடவுங்கள். சொரசொரவென்று இருந்தால் தேவை. கிளே கீழே விழுந்தால் குப்பையில் போடுங்கள், மணல் ஒட்டியிருக்கும்.

கேள்வி: மதியம் வாசலிலேயே செய்யலாமா?

வெயிலில் வேண்டாம், சூட்டில் பாலிஷ் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். நான் காலை 7 மணிக்கே கொட்டகைக்குள் தொடங்கிவிடுவேன், சாயங்கால மழைக்கு முன் காடி கைமாறிவிடும்.