முடிவு தெரிந்த தேவதைக் கதையை நாவலாக மறுபடி படிப்பதில் என்ன இன்பம் இருக்கிறது?

சிண்டரெல்லாவின் கதை எப்படி முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க, அதையே இக்காலத்துக்கு ஏற்ப மாற்றி இளையோருக்காக எழுதிய நாவலை வளர்ந்தவர் ஒருவர் இரசித்துப் படிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். மரிசா மேயர் 2012இல் வெளியிட்ட 'சிண்டர்' நாவலைச் சற்று ஏளனத்தோடுதான் கையில் எடுத்தேன். வைக்க மனம் வரவில்லை. (கதையின் திருப்பங்களைச் சொல்லாமல் காரணத்தை விளக்க இயலாது, படிக்க எண்ணியிருப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.)

எதிர்காலத்து நியூ பெய்ஜிங் நகரில் சிண்டர் ஒரு மெக்கானிக். உடலின் ஒரு பகுதி இயந்திரமாக மாற்றப்பட்ட சைபார்க். பல ஆண்டுகளுக்கு முன் பொருத்தப்பட்ட உலோகப் பாதம், அவள் வளர்ந்துவிட்டதால் இப்போது சிறிதாகிவிட்டது. சந்தைக் கடையில் அமர்ந்து துருப்பிடித்த திருகாணியைக் கழற்றி அந்தப் பாதத்தை நீக்கும் காட்சியில்தான் நாவல் தொடங்குகிறது. அந்த நேரம் பார்த்து இளவரசன் தன் பழுதான ஆண்ட்ராய்டு ரோபோவைச் சரிசெய்து தரக் கேட்டு வந்து நிற்கிறான். பாதம் இல்லாததை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டே அவள் பேசுகிறாள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தது இந்த இடத்தில்தான். சார்ல் பெரோ 1697இல் எழுதிய வடிவில் கண்ணாடிச் செருப்பு அவளை அடையாளம் காட்டும் அழகான பொருள். 1812இல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட வடிவிலோ, மாற்றாந்தாயின் மகள்கள் செருப்புக்குள் காலை நுழைப்பதற்காக ஒருத்தி விரலையும் மற்றொருத்தி குதிகாலையும் வெட்டிக்கொள்கிறார்கள். சிறு வயதில் அதைக் கேட்டபோது அவர்களின் பேராசைக்குக் கிடைத்த தண்டனையாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். செருப்புக்காகப் பெண்ணின் கால் ஏன் அளவு மாற வேண்டும் என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை. மேயர் செருப்பை விட்டுவிட்டுக் காலையே கதையின் மையத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். நடன விழாவில் படிக்கட்டில் கழன்று விழுவது அவள் இவ்வளவு நாள் மறைத்துவந்த பழைய சிறிய பாதம்தான். அதை இளவரசன் பார்த்துவிடுகிறான். மூலத்தில் மீட்சிக்கு வழியான அடையாளம் இங்கே அவமானமாக வந்து விழுகிறது. முடிவு தெரியும் என்ற நம் மிதப்பையே ஆசிரியர் நமக்கு எதிராகத் திருப்பிவிடுகிறார். தெரியாத கதையில் இந்த அதிர்ச்சிக்கு வாய்ப்பே இல்லை.

தமிழ் வாசகருக்கு இது புதிய அனுபவமும் அன்று. சீதையிடம் இராமன் தீக்குளிக்கக் கேட்டான் என்றறிந்ததும் அகலிகை மீண்டும் கல்லாகிவிடும் புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' நம்மை உலுக்குவது, பழைய கதை நமக்குள் ஏற்கெனவே குடியிருப்பதால்தானே!

மாற்றாந்தாய்க்கும் இங்கே ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. அவளுடைய கணவன் சிண்டரைத் தத்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தபின் கொள்ளைநோயில் இறந்துபோகிறான். அந்த இழப்பு முழுவதையும் அவள் இந்தப் பெண்ணின் மேல் சுமத்துகிறாள். கொடுமை குறையவில்லை, ஆனால் புரிகிறது. மகள்கள் இருவரில் இளையவளான பியோனி சிண்டரை உண்மையாகவே நேசிக்கிறாள். அவளுக்கு நோய் வரும் பகுதியை இளவரசன் வரும் பகுதிகளைவிட அக்கறையோடு படித்தேன். பூசணி வண்டிக்குப் பதிலாக சிண்டர் விழாவுக்கு ஓட்டிச் செல்லும் ஆரஞ்சு நிறப் பழைய பெட்ரோல் கார் ஒரு சிறு குறும்பு.

குறைகளும் உண்டு. சிண்டரின் பிறப்பு பற்றிய இரகசியத்தைக் கவனமான வாசகர் வெகு சீக்கிரமே ஊகித்துவிடுவார். அதைக் கடைசிவரை மூடிவைக்கப் பாடுபடும் பக்கங்கள் எனக்குச் சலிப்பூட்டின. நகரத்தின் பெயர் இருக்கும் அளவுக்கு நகரம் கண்முன் எழவில்லை. மேலும், இது நான்கு நாவல்கள் கொண்ட வரிசையின் முதல் நூல் என்பதால் விழா இரவுக்குப் பின் சிண்டர் சிறையில் இருக்கும்போதே நிறுத்தப்பட்டுவிடுகிறது. அடுத்ததான 'ஸ்கார்லெட்' நூலையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.