இடது கால் சங்கதி: சின்ன எஸ்யூவி கேள்வி-பதில்

நான்கு மீட்டருக்குள் அடங்கும் எஸ்யூவி, அதிலும் கையால் கியர் போடும் வண்டியை வாங்கி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் தினமும் ஓட்டுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். முதல் பதில் கொஞ்சம் நீளம். பாதிப் பேர் அதைத்தான் வேறு வேறு வார்த்தைகளில் கேட்டிருந்தார்கள்.

கே: தினமும் காட்பாடியிலிருந்து வேலூருக்குப் போய் வருகிறேன். ரயில்வே மேம்பாலம் ஏறும்போது வண்டிகள் நின்று நின்றுதான் நகரும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் என் வண்டி பின்னால் உருள்கிறது. பின்னால் ஆட்டோக்காரர் ஒட்டிக்கொண்டு நிற்கிறார். பயத்தில் கிளட்ச்சைப் பாதியில் பிடித்தபடியே நிற்கிறேன். போன வாரம் தீய்ந்த வாசனை வந்தது. புது வண்டி சார், ஏதாவது பழுதா? (பள்ளி ஆசிரியை, காட்பாடி)

வண்டியில் பழுது இல்லை. கிளட்ச்சை நீங்கள் பிரேக்காகப் பயன்படுத்துகிறீர்கள், அவ்வளவுதான். அரை கிளட்ச்சில் வண்டியை மேட்டில் நிறுத்தி வைக்கும்போது, ஒரு பக்கம் இன்ஜின் சுற்றுகிறது, மறுபக்கம் சக்கரம் நிற்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட கிளட்ச் பிளேட் இரண்டுக்கும் இடையே தேய்ந்து சூடாகிறது. அந்த வாசனை பிளேட்டின் மேல்பூச்சு கருகும் வாசனை. ஒரு தடவை வந்ததால் கிளட்ச் போய்விடாது. வாரா வாரம் வந்தால் போய்விடும். பக்குவமான கால் என்றால் கிளட்ச் செட் லட்சம் கிலோமீட்டர்கூடத் தாங்கும். இப்படி நின்றால் முப்பதாயிரத்திலேயே நீங்கள் மெக்கானிக்கைத் தேடுவீர்கள்.

மேட்டில் நின்றால் ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். நியூட்ரலுக்கு வந்து இடது காலைக் கிளட்ச்சிலிருந்து முழுவதுமாக எடுத்து ஓரத்தில் வையுங்கள். முன் வண்டி நகர்ந்ததும் முதல் கியர். கிளட்ச்சை மெதுவாக மேலே விடுங்கள். ஓரிடத்தில் வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும், இன்ஜின் சத்தம் தாழும். கிளட்ச் பிடிக்கும் இடம் அதுதான். காலை அங்கேயே வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் இல்லாத ஏதாவது ஒரு ஏற்றத்தில் இதை மட்டும் திரும்பத் திரும்பப் பழகுங்கள். உங்கள் வண்டியில் ஹில் ஹோல்ட் இருந்தால் பிரேக்கை விட்ட பிறகு இரண்டு மூன்று விநாடி அதுவே பிடித்துக்கொள்ளும். காலை மாற்ற அது போதும், போன் பார்க்கப் போதாது.

ஆற்காடு ரோட்டில் சிஎம்சி வாசல் போன்ற சமதள நெரிசலுக்கு வழி வேறு. முன் வண்டி நகரும்போதெல்லாம் நீங்களும் ஒரு முழம் நகர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கொஞ்சம் இடைவெளி விழட்டும். பிறகு முதல் கியரில் கிளட்ச்சை முழுக்க விட்டுவிட்டு ஆக்சிலேட்டர் கொடுக்காமல் வண்டியைத் தானாக ஊர விடுங்கள். அந்த இடைவெளியில் ஒரு டூவீலர் நுழையும். நுழையட்டும். அவர் போய்விடுவார், கிளட்ச் உங்களோடுதான் இருக்கும்.

கே: என்னுடையது 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல். நண்பனிடம் இருப்பது மாருதி பிரெஸா 1.5. அவன் இரண்டாவது கியரில் ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கி அப்படியே போகிறான். நான் முதல் கியருக்கு வராவிட்டால் வண்டி முக்குகிறது. (சத்துவாச்சாரி)

இரண்டும் வெவ்வேறு குணம். பிரெஸாவில் இருப்பது 1462 சிசி, டர்போ இல்லாத நான்கு சிலிண்டர். ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) குறைவாக இருந்தாலும் வம்பு பண்ணாமல் இழுக்கும். உங்களுடையது மூன்று சிலிண்டர், டர்போ. டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி. ஏறத்தாழ 1500 சுற்றுக்குக் கீழே அதைச் சுழற்றப் போதிய புகை வேகம் கிடைக்காது. அதுவரை அது வெறும் சின்ன இன்ஜின்தான். 1800-ஐத் தாண்டிய பிறகு உங்கள் வண்டி முந்திவிடும்.

இதில் வரிக் கணக்கும் இருக்கிறது. நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள் இருந்தால்தான் சிறிய கார். 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அந்த அளவைத் தாண்டினால் 40 சதவீதம். சின்ன எஸ்யூவிகளில் 1.0, 1.2 டர்போக்கள் நிறைந்திருப்பதற்கு இந்த எல்லைக்கோடு ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே வேகம் பத்துக்குக் கீழே வந்தால் கூச்சப்படாமல் முதல் கியருக்கு வாருங்கள். மைலேஜ் மிச்சம் என்று முப்பதில் நான்காவது போடுவது வேண்டாம். இன்ஜின் அதிர்ந்து திணறும். அப்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் பெட்ரோல்தான் கூடுதலாகப் போகும்.

கே: டீசல் வண்டி. வீட்டிலிருந்து கடைக்கு ஐந்து கிலோமீட்டர், அவ்வளவுதான் ஓட்டம். டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிகிறது. (துணிக்கடை உரிமையாளர், வேலூர்)

கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இந்த ஓட்டத்துக்கு நீங்கள் டீசல் வாங்கியிருக்கக் கூடாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. அதுதான் டிபிஎஃப். சேர்ந்த கரியை வண்டியே அவ்வப்போது எரித்துவிடும். அதற்கு வடிகட்டி சுமார் 600 டிகிரி வரை சூடேற வேண்டும். ஐந்து கிலோமீட்டரில் இன்ஜினே சரியாகச் சூடாகாது. பாதி எரியும்போது நீங்கள் கடை வாசலில் சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறீர்கள். மறுநாள் மறுபடி முதலிலிருந்து.

வாரம் ஒரு முறை பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறி, அறுபது எழுபது வேகத்தில், கியரை ஒன்று குறைத்து ஆர்பிஎம் 2000-க்கு மேல் நிற்கும்படி இருபது நிமிடம் விடாமல் ஓட்டுங்கள். மேனுவல் கியரின் லாபம் இங்கே கிடைக்கிறது, எந்த கியரில் ஓடுவது என்பதை நீங்களே வைத்துக்கொள்ளலாம். பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக்கு முன்பே திரும்பினால் கட்டணமும் மிச்சம். ஆம்பூர் வரை போனால் கட்டணத்தோடு பிரியாணிச் செலவும் சேரும், அது உங்கள் இஷ்டம்.

வண்டியை நிறுத்தும் நேரத்தில் ஐடில் (ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம்) வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்து, ரேடியேட்டர் விசிறி ஓடி, சூடான வாசனையும் வந்தால் உள்ளே கரி எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அணைக்காமல் இன்னும் கொஞ்சம் ஓட்டிவிட்டு வாருங்கள். மாதம் ஒரு முறை ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் அளவு ஏறியிருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், எரியாத டீசல் கலந்திருக்கிறது. ஆயிலை மாற்றியே ஆக வேண்டும்.

கே: ஏலகிரியிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் எரிபொருள் மிச்சமாகும் என்கிறார் அண்ணன். (வாணியம்பாடி)

அண்ணனிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய இன்ஜின்கள் எரிபொருளை அறவே நிறுத்திவிடும், சக்கரமே இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமலிருக்க எரிபொருள் செலவாகும். மிச்சம் என்று நினைப்பது செலவு.

அதைவிடப் பெரிய விஷயம் பிரேக். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஆட்களும் சாமானும் ஏறிய வண்டியை வெறும் பிரேக்கிலேயே இறக்கினால் கீழ் வளைவுகளில் பெடல் அழுத்தியும் பிடிக்காமல் போகலாம். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். பெரும்பாலும் இரண்டாவது, நேரான இடத்தில் மூன்றாவது. பிரேக்கை வளைவுக்கு முன்னால் அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு விடுங்கள், காலை அதிலேயே வைத்துத் தேய்க்க வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதித்துவிடும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றியிருக்கிறீர்களா என்று சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள். ஜவ்வாது மலைக்குப் போகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

கே: பின் சீட்டை மடக்கிவிட்டு இலவம்பாடியிலிருந்து முள்ளுக் கத்திரிக்காய் மூட்டைகளை நேதாஜி மார்க்கெட்டுக்கு எடுத்துப் போகிறேன். எத்தனை மூட்டை ஏற்றலாம்? (விவசாயி, அணைக்கட்டு வட்டம்)

பின்னால் இடம் இருக்கிறது என்பதற்காக ஏற்றக் கூடாது ஐயா. இந்த அளவு வண்டிகள் ஆட்களையும் சேர்த்து ஏறத்தாழ 400 கிலோவைச் சுற்றித்தான் தாங்கும். உங்கள் வண்டியின் சரியான அளவு கையேட்டில் இருக்கும். நீங்களும் உதவியாளரும் போக மீதிதான் காய்க்கு. மூட்டைகளை முன் சீட்டின் முதுகோடு ஒட்டி, தாழ்வாக அடுக்குங்கள். கடைசியில் கதவோரம் குவித்தால் பின்பக்கம் அமுங்கி முன் சக்கரத்தின் பிடி குறையும். இந்த வண்டிகள் பெரும்பாலும் முன் சக்கரத்தால்தான் இழுக்கின்றன, மறக்க வேண்டாம். டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் முழுச் சுமைக்குத் தனிக் காற்று அளவு போட்டிருக்கும். அதன்படி காலையில் டயர் சூடாகும் முன்பே அடித்துக்கொள்ளுங்கள். காம்பு முள் சீட் உறையைக் குத்திக் கிழிக்கும், தார்ப்பாய் விரிப்பது நல்லது.

இன்னொன்று, இதைத்தான் யாரும் சொல்வதில்லை. தனியார் கார் இன்சூரன்ஸ் பாலிசியில் எதற்கெல்லாம் வண்டியைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு பகுதி இருக்கும். சொந்தப் பெட்டி படுக்கையும் மாதிரிப் பொருட்களும் தவிர மற்ற சரக்கு ஏற்றுவது அதில் வரும். மூட்டையோடு விபத்து நடந்தால் கிளெய்மில் சிக்கல். என்றைக்கோ ஒரு நாள் என்றால் வேறு. தினசரி மார்க்கெட் ஓட்டத்துக்கு ஒரு சின்னச் சரக்கு வண்டிதான் கட்டுப்படியாகும்.

கே: வயது 62. இடது முழங்காலில் வலி. இருப்பதை விற்றுவிட்டு ஆட்டோமேட்டிக் வாங்கட்டுமா? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ராணிப்பேட்டை)

முதலில் சீட்டைச் சரி பாருங்கள். கிளட்ச்சை அடிவரை அழுத்திய நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். கால் நேராக நீண்டுவிட்டால் ஒவ்வொரு அழுத்தலும் மூட்டுக்குத்தான் போகும். உயரமான வண்டி என்று சீட்டையும் உயர்த்தி வைத்துப் பாதத்தின் நுனியால் அழுத்துகிறவர்கள் நிறையப் பேர். குதிகால் தரையில் படும்படி இறக்குங்கள். பெடலே கல் மாதிரி கனமாக இருந்தால் கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் வயதாகியிருக்கலாம், காட்டிவிடுங்கள்.

இதெல்லாம் செய்தும் வலித்தால் மாற்றிவிடுங்கள். மேனுவல்மேல் எனக்குப் பிரியம் உண்டு, உங்கள் முழங்காலைவிட அது பெரிதில்லை. ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸையே இயந்திரம் இயக்கும் ஆட்டோமேட்டிக்) வாங்கினால் ஒன்று நினைவில் இருக்கட்டும்: அதற்குள்ளும் இருப்பது கிளட்ச் பிளேட்தான், அழுத்துவது மட்டும் இயந்திரம். மேட்டில் ஆக்சிலேட்டரால் பிடித்து நின்றால் அதுவும் கருகும்.

கே: மே மாத வெயிலில் ஏசி போட்டால் பிக்கப் செத்துவிடுகிறது. (ஆற்காடு)

சின்ன இன்ஜினிலிருந்து கம்ப்ரஸர் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. அக்னி நட்சத்திரத்தில் அது ஓய்வே இல்லாமல் ஓடும். வெயிலில் நின்ற வண்டியில் உட்கார்ந்ததும் ஏசியை முழுதாக வைக்காதீர்கள். நாலு ஜன்னலையும் இறக்கி ஒரு தெரு ஓட்டி அனலை வெளியேற்றுங்கள். பிறகு மூடி, உள்காற்றே சுழலும்படி வையுங்கள். முதல் கியரில் கிளம்பும்போது வழக்கத்தைவிடக் கொஞ்சம் ரைஸ் கொடுங்கள். முந்துவதற்கு ஒரு கியர் குறையுங்கள். முன் கிரில்லுக்குப் பின்னால் ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரில் புழுதி அடைத்திருந்தால் லேசான தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். உப்பு படியும். கூலண்ட் மட்டும்தான்.

கே: எஸ்யூவிதானே, மழையில் தரைப்பாலத்தில் தண்ணீர் போனால் தாண்டலாமா? (குடியாத்தம்)

கூடாது. 2021 நவம்பரில் பாலாற்று வெள்ளம் என்ன செய்தது என்று பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். ஓடும் தண்ணீரில் உயரமான வண்டியும் மிதக்கும். தெருவில் தேங்கிய தண்ணீர் என்றால், சக்கரத்தின் பாதிக்குக் கீழே இருந்தால் மட்டும், முதல் கியரில் ஒரே சீராக, நடுவில் கிளட்ச்சை அழுத்தாமல் போங்கள். நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளி வெளியே கொண்டுவந்து இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

கே: கியர் குமிழ்மேல் கை வைத்தே ஓட்டினால் கெடுமா? (மேல்விஷாரம்)

மெல்லத் தேயும். கையை எடுத்து ஸ்டீயரிங்கில் வையுங்கள்.

கே: பழைய டீசல் எஸ்யூவி ஒன்று பார்த்திருக்கிறேன். கிளட்ச் நன்றாக இருக்கிறதா என்று மெக்கானிக் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? (திருப்பத்தூர்)

ஆள் நடமாட்டம் இல்லாத நேர் ரோட்டில் நான்காவது கியரில் நாற்பதில் போய்க்கொண்டே ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்துங்கள். முள்ளும் வேகமும் சேர்ந்து ஏற வேண்டும். ஆர்பிஎம் முள் மட்டும் தாவி, வேகம் அப்படியே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. பிறகு வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் காதைக் கொடுங்கள். பெடலை அழுத்தும்போது மட்டும் கரகர சத்தம் வந்தால் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் தேய்ந்திருக்கிறது. அழுத்தினால் நின்று, விட்டால் வரும் சத்தம் என்றால் கியர்பாக்ஸ் பேரிங், அது பெரிய வேலை. டீசல்களில் பல வண்டிகளில் இன்ஜின் அதிர்வைக் குறைக்கும் இரட்டை ஃப்ளைவீல் (இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்) இருக்கும். இன்ஜினை அணைக்கும் நொடியில் டடக்கென்று உலுக்கிச் சத்தம் வந்தால் அதைச் சந்தேகப்படுங்கள். கிளட்ச் செட்டோடு அதையும் மாற்றினால் பில் பல மடங்காகும். விலை பேசும் முன் இரண்டுக்கும் சேர்த்து ஒரு எஸ்டிமேட் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.